கெடாதது

ஜாலான் பேராக்கில் எங்கள் நாசி கண்டார் கடை.
சோறு அள்ளுவது கபூர். குழம்பு ஊற்றுவது முதலாளி.
கட்டுவது நான்.
பதினொரு வருடமாகக் கட்டுகிறேன்.
யார் என்ன தின்கிறார் என்பதல்ல,
எவ்வளவு தூரம் போகிறார் என்பதுதான்
என் கணக்கு.

எதிரே இருக்கும் டயர் பட்டறைக்கா, வாழையிலை போதும்.
சூடு பட்டதும் வியர்த்து
தன் வாசனையைச் சோற்றுக்குக் கொடுத்துவிடும்,
தனிக் காசு கேட்காது.
ஆனால் நரம்போடு கிழியும்.
பாலம் தாண்டிப் பிறைக்குப் போகிற பொட்டலம் என்றால்
நடுக்கடலில்
மீன்குழம்பு மோட்டார் கூடைக்குள் இறங்கிவிடும்.

பழுப்புத் தாளுக்கு வெளியே காகிதம், உள்ளே பிளாஸ்டிக் மினுக்கு.
ஒழுகாது. மலிவு. நாலு மடிப்பில் கூம்பாய் நிற்கும்.
பழைய பேப்பர்காரர் அதைப் பிளாஸ்டிக் என்கிறார்,
பிளாஸ்டிக் வாங்குகிறவர் காகிதம் என்கிறார்.
இரண்டு வீட்டிலும் சோறில்லாத மாப்பிள்ளை.

தே தாரிக் கட்டும் பை
எடையே இல்லாதது,
கொதிப்பை விரல் நுனியில் தொங்கவிடும்.
ஒரே குறை, அதைக் கீழே வைக்க முடியாது.
குடித்து முடிக்கும்வரை
ஒரு கை உனக்கில்லை.

அலுமினியத் தட்டில் புளி ஊற்றாதே என்று
புதிதாக வந்த நேப்பாளிப் பையனிடம் சொன்னேன்.
சிரித்தான்.
மறுநாள் மூடியை வெளிச்சத்தில் காட்டினேன்:
ஊசித்துளைகள், சின்னச் சின்ன நட்சத்திரமாய்.

டீச்சர் விஜயராணி எவர்சில்வர் அடுக்கு கொண்டுவருவார்.
அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது,
கழுவுவதற்கு
வீட்டில் யாராவது இருந்தால்.

சூசைநாதன் வீட்டில் யாருமில்லை.
செவ்வாய், வியாழன், சனி
ரத்தம் சுத்திகரிக்கப் போகும் வழியில் வாங்குவார்,
நாலு மணி நேரம் கழித்துத் தின்பார்.
அவருக்கு மட்டும் வெள்ளைப் பெட்டி.
அழுத்தினால் கீச்சென்று கத்தும் அந்தப் பெட்டிதான்
நாலு மணி நேரம் சூட்டைப் பிடித்துவைத்தது.
கபூர் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதென்று
மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதுவேன்:
உப்பு கம்மி, சூசை.

மாநகர் மன்ற அதிகாரி வந்தார்,
வெள்ளைப் பெட்டி கூடாதென்றார்.
அப்புறம் அட்டைப் பெட்டி.
நல்ல பெயர்தான் அதற்கு, மண்ணோடு மண்ணாகுமாம்.
பருப்பு ஊற்றினால்
மண்ணுக்குப் போவதற்கு முன்பே மடியில் போய்விடும்.
"சட்டை நனைஞ்சிருச்சும்மா" என்றார் சூசை.
தைப்பூசத்துக்குப் பிறகு வரவில்லை.
மகன் வந்து
பாக்கி எட்டு வெள்ளியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பரில் சுங்கை பினாங்கு ஏறி வந்தது.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தோம்.
முழங்கால் தண்ணீரில் சாக்கடை வழியாக
செருப்பு, தகரம், செத்த எலி,
அப்புறம் ஒரு வெள்ளை மூடி
இரும்புக் கதவைத் தட்டித் தட்டி நின்றது.
திருப்பினேன்.
என் கையெழுத்து.
வால் நீண்ட என் 'சூ',
ஒரு கோடுகூடக் கலையாமல்.

"தூக்கிப் போடு" என்றார் கபூர்.
எங்கே போடுவது?
குப்பையில் போட்டால் மறுபடி ஆறு.
எரித்தால் கறுப்புப் புகை.
கெடாது என்று சொல்லித்தானே
கட்டுக் கட்டாய் வாங்கினோம்.

கழுவிக் காயவைத்து
குளிர்பெட்டிமேல் மல்லாத்தி வைத்திருக்கிறேன்.
ரப்பர் பேண்டு போட்டுவைக்க உதவுகிறது.
உப்பு கம்மி, சூசை.
இன்று ஒரு லாரிக்காரர் வந்து
ஒரு பொட்டலம் என்றார்.
எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
இன்னும் தெரியவில்லை,
கட்டித் தாங்க என்றார்.